டிராப்ட்டுக்கு முன் உங்கள் சொந்தப் பட்டியல்: கல்லூரி வீரர்களை இடவாரியாகத் தரவரிசைப்படுத்தும் முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்., கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வை டிராப்ட் என்கிறது. 2020 ஏப்ரலில் நடந்த டிராப்ட்டில் ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு முன்னால், எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் நால்வரை அணிகள் எடுத்துவிட்டன. ஹென்றி ரக்ஸ் 12ஆவது, ஜெரி ஜூடி 15ஆவது, சிடி லேம்ப் 17ஆவது, ஜேலன் ரேகர் 21ஆவது. அடுத்த தேர்வில்தான் மினசோட்டா வைக்கிங்ஸ் அணிக்கு ஜெஃபர்சன் கிடைத்தார். முதல் ஆண்டிலேயே 1,400 யார்டுகள் எடுத்தார். 2022இல் 1,809 யார்டுகளுடன் லீக்கிலேயே முதலிடம், ஆண்டின் சிறந்த தாக்குதல் வீரர் விருது. லேம்ப் ஒருவரை விட்டால், மற்ற மூவரில் யாரையும் இன்று அவருக்கு மேலே வைக்க முடியாது.

அவர் கீழே இறங்கியதற்கு ஒரு சந்தேகம் காரணமாக இருந்தது. எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) அணி தேசியப் பட்டம் வென்ற 2019 பருவத்தில் அவர் பெரும்பாலும் ‘ஸ்லாட்’ எனப்படும் உள்வரிசையில் நின்று ஆடினார். அங்கே நிற்கும் ரிசீவரைத் தடுப்பாளர் எடுத்த எடுப்பிலேயே கை வைத்து மடக்குவது கடினம். ஓட இடமும் கூடுதல். எல்லைக் கோட்டருகே, வெளிவரிசையில், தன்னைவிடப் பெரிய கார்னர்பேக்கை, அதாவது ரிசீவரைக் காக்கும் எதிரணித் தடுப்பாளரை, எதிர்த்து இவர் தாக்குப்பிடிப்பாரா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான விடை ஓராண்டுக்கு முந்தைய ஆட்டங்களின் காணொளிப் பதிவுகளில் இருந்தது. 2018இல் அவர் வெளிவரிசையில்தான் ஆடினார்.

தரவரிசை போடுவது என்று நான் சொல்வது இந்த வேலையைத்தான். ஒரு வீரரைப் பற்றி எந்தக் கேள்வி எழுகிறதோ, அதற்கு விடை வைத்திருக்கும் ஆட்டத்தைத் தேடிப்போய்ப் பார்ப்பது. பெயர்களை மேலும் கீழும் நகர்த்துவது அதற்குப் பிறகு வருகிறது.

அமெரிக்கக் கால்பந்துக்குப் புதியவர்களுக்குச் சில வரிகள். டிராப்ட் என்பது ஐ.பி.எல். ஏலம் போன்றதல்ல, பணம் வைத்துப் போட்டி போட முடியாது. 32 அணிகள், ஏழு சுற்றுகள், மொத்தம் 250க்குச் சற்று மேற்பட்ட தேர்வுகள். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் ஆனவர்களே தகுதி பெறுவார்கள். 1936இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய வழக்கம் இது. முதன்முதலாகத் தேர்வான சிகாகோ பல்கலைக்கழகத்து ஜே பெர்வாங்கர், தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட ஆடவில்லை.

முதல் படி: யாரை எந்தப் பட்டியலில் எழுதுவது

களத்தில் ஆடும் ஓர் இடத்துக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக், ரிசீவர், பந்தைப் பிடிக்கவும் எதிரணியைத் தடுக்கவும் செய்யும் டைட் எண்ட், முன்வரிசையின் ஓரத்தில் நின்று குவார்ட்டர்பேக்கைக் காக்கும் டேக்கிள், உள்வரிசைக் காப்பாளர்களான கார்டும் சென்டரும். எதிர்ப் பக்கத்தில், ஓரத்திலிருந்து குவார்ட்டர்பேக்கை விரட்டும் எட்ஜ் ரஷ்ஷர், முன்வரிசை நடுவில் நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிள், அவர்களுக்குப் பின்னால் லைன்பேக்கர், கார்னர்பேக், கடைசிக் காவலான சேஃப்டி. ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு பெயர்கள் போதும். முதல் ஆண்டிலேயே எல்லா இடங்களையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த இரண்டு இடங்களை எடுத்து முழுமையாகச் செய்யுங்கள். இருபது பேரை நன்றாகப் பார்த்தவரின் கருத்துக்கு, இருநூறு பேரைப் பற்றிப் படித்தவரின் கருத்தைவிட மதிப்பு அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

பெயர் எழுதும்போதே ஒரு சிக்கல் வரும். கல்லூரி அணியின் பட்டியலில் எழுதியிருக்கும் இடம் வேறாகவும், தொழில்முறையில் அவர் செய்யப்போகும் வேலை வேறாகவும் இருக்கலாம். பென் ஸ்டேட்டில் மைக்கா பார்சன்ஸ் வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர். 2021இல் டல்லாஸ் கவ்பாய்ஸ் அவரை 12ஆவதாக எடுத்து, குவார்ட்டர்பேக்கை விரட்டும் வேலையை மிகுதியாகக் கொடுத்தது. முதல் ஆண்டிலேயே 13 சாக்குகள், அதாவது பந்தை எறியும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்தியவை. 2025இல் இரண்டாவதாகத் தேர்வான டிராவிஸ் ஹன்டர் இன்னும் கடினமான வழக்கு. கொலராடோவில் ஒரே ஆட்டத்தில் ரிசீவராகவும் கார்னர்பேக்காகவும் ஆடி, கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான 2024இன் ஹைஸ்மன் விருதை வென்றவர். இப்படிப்பட்டவரை இரண்டு பக்கங்களிலும் எழுதுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அந்த வேலையை மட்டும் வைத்து மதிப்பிடுங்கள். ‘இரண்டும் செய்கிறாரே’ என்ற வியப்பு இரண்டு பக்க மதிப்பெண்களையும் உயர்த்திவிடக் கூடாது.

இரண்டாம் படி: பார்ப்பதற்கு முன்பே அளவுகோலை எழுதிவிடுவது

கபடியில் பாடிச் செல்பவரையும் பிடித்து நிறுத்துபவரையும் ஒரே தராசில் நிறுக்க மாட்டோம். இங்கும் அப்படியே. ஒவ்வோர் இடத்துக்கும் நான்கைந்து குணங்களை, முக்கியத்துவத்தின் வரிசையில், முதல் ஆட்டத்தைப் பார்ப்பதற்கு முன்பே பக்கத்தின் தலைப்பில் எழுதிவிடுங்கள். பார்த்த பிறகு எழுதினால், நமக்குப் பிடித்துப்போன வீரரிடம் இருக்கும் குணங்களே அளவுகோலாக மாறிவிடும். நமக்கே தெரியாமல் இது நடக்கும்.

என் பக்கத்தில் டேக்கிளுக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: பின்னோக்கிச் செல்லும் கால்களின் நிதானம், கைகளை வைக்கும் நேரம், உள்பக்கத் திருப்பத்துக்கு ஈடுகொடுப்பது, ஓட்டத்துக்கு வழிதிறக்கும் பலம், கடைசியாகக் கை நீளம். உங்கள் வரிசை வேறாக இருக்கலாம். எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

மூன்றாம் படி: ஆட்டங்களைத் தேர்ந்தெடுப்பது

சிறந்த தருணங்களை மட்டும் வெட்டித் தொகுத்த காணொளிகளைத் தொடவே வேண்டாம். எந்தக் கல்லூரி வீரரும் அதில் மாவீரராகத் தெரிவார். முழு ஆட்டங்களைப் பாருங்கள். நான்கு ஆட்டங்களுக்குக் குறைவாகப் பார்த்து நான் யாருக்கும் மதிப்பெண் போடுவதில்லை. அந்த நான்கில் ஒன்று அவர் சந்தித்த மிகச் சிறந்த எதிராளிக்கு எதிரானதாக இருக்க வேண்டும். இன்னொன்று அவரது மிக மோசமான நாள். மூன்றாவது பருவத்தின் கடைசிப் பகுதியில் ஆடியது, நான்காவது முந்தைய ஆண்டில் ஆடியது. ஜெஃபர்சனின் விடை இந்த நான்காவதில்தான் இருந்தது.

சிறந்த எதிராளி ஏன் என்பதற்கு ரஷான் ஸ்லேட்டரைச் சொல்வேன். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் இடது டேக்கிள். 2020 பருவத்தில் அவர் ஆடவே இல்லை. கொரோனா காலத்தில் விலகிக்கொண்டவர்களில் ஒருவர். ஆனால் 2019இல் ஒஹாயோ ஸ்டேட்டின் சேஸ் யங்கை எதிர்த்து ஆடிய பதிவு இருந்தது. யங் அடுத்த டிராப்ட்டில் இரண்டாவதாகத் தேர்வானவர். நாட்டிலேயே தடுக்க மிகக் கடினமான விரட்டாளர் எதிரே நின்றபோது ஸ்லேட்டரின் கால்கள் பதறவில்லை. பலவீனமான அணிகளுக்கு எதிரான பத்து ஆட்டங்கள் சொல்லாததை அந்த ஓர் ஆட்டம் சொல்லியது. சார்ஜர்ஸ் அணி அவரை 13ஆவதாக எடுத்தது, முதல் ஆண்டிலேயே லீக்கின் சிறந்த டேக்கிள்களில் ஒருவராக அறியப்பட்டார்.

பார்க்கும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். பந்தைப் பின்தொடராதீர்கள். பந்து எங்கே போனாலும் உங்கள் கண் அந்த ஒரு வீரரின் மீது இருக்கட்டும். ஒவ்வொரு ஸ்னாப்புக்கும், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் தள்ளி ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறைக்கும், ஒரு குறி போடுங்கள். நன்று, சரி, தவறு என்று மூன்று குறிகள் போதும். தேவைப்பட்டால் மூன்று தடவை பின்னோக்கிச் சென்று பாருங்கள். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அதைக் குறைக்க வழியில்லை.

தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு ஒரு குறை உண்டு. கேமரா பந்தைச் சுற்றியே இருப்பதால், ரிசீவர், கார்னர்பேக், சேஃப்டி மூவரும் ஸ்னாப்புக்குப் பிறகு திரையிலிருந்து மறைந்துவிடுவார்கள். 22 வீரர்களையும் மேலிருந்து காட்டும் பயிற்சியாளர் கோணத்துப் பதிவு கிடைத்தால் இந்த மூன்று இடங்களுக்கும் அதையே பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் முன்வரிசை வீரர்களைத் தரப்படுத்துவதில் தொடங்குங்கள். அவர்களை ஒளிபரப்பிலேயே முழுதாகப் பார்க்க முடியும்.

இன்னொரு கட்டுப்பாடு. உங்கள் குறிப்புகள் முடியும்வரை மற்றவர்களின் பட்டியல்களைத் திறக்காதீர்கள். ‘இவர் முதல் சுற்று வீரர்’ என்று ஒருமுறை படித்துவிட்டால், அவருடைய தவறுகளுக்கெல்லாம் நாமே சாக்குச் சொல்லத் தொடங்கிவிடுவோம்.

நான்காம் படி: இடத்துக்கு இடம் எதைத் தேடுவது

குவார்ட்டர்பேக்கில் அதிக நேரம் செலவிடுங்கள். கை பலம் முதல் பத்து நிமிடங்களில் தெரிந்துவிடும். அதற்காக ஆட்டம் பார்க்க வேண்டியதில்லை. தேட வேண்டியது வேறு. முதலில் பார்க்கும் ரிசீவர் அடைபட்டிருந்தால் கண் அடுத்தவரிடம் எவ்வளவு அமைதியாக நகர்கிறது? பாதுகாப்பு வளையம் இடிந்து விழும்போது கால்கள் எறியும் நிலையில் இருக்கின்றனவா, ஓடத் துடிக்கின்றனவா? பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள்; மூன்றாவது முயற்சியில் இன்னும் எட்டு யார்டு தேவைப்படும்போது என்ன செய்கிறார்? அந்தச் சூழலில் பந்து எங்கே போகும் என்பது எதிரணிக்கும் தெரியும். அதனால் மூன்றாவது முயற்சிகளை மட்டும் தனியே தொகுத்துப் பார்ப்பது எனக்கு மிகவும் பயன்பட்ட பழக்கம்.

எத்தனை ஆட்டங்களைத் தொடக்க வீரராக இறங்கித் தொடங்கியிருக்கிறார் என்பதையும் எழுதுங்கள். 2017இல் இரண்டாவதாகத் தேர்வான மிட்செல் ட்ரூபிஸ்கி நார்த் கரோலைனாவில் 13 ஆட்டங்களை மட்டுமே தொடங்கியிருந்தார். அதே டிராப்ட்டில், பின்னாளில் லீக்கின் உச்சிக்குப் போன டெக்ஸஸ் டெக் வீரர் பாட்ரிக் மஹோம்ஸ் 10ஆவது. மறுமுனையில் போ நிக்ஸ், ஆபர்னிலும் ஓரிகனிலும் சேர்த்து 61 ஆட்டங்களைத் தொடங்கிய பிறகு 2024இல் 12ஆவதாகத் தேர்வானார். குறைந்த ஆட்டங்கள் என்றால் வீரர் மோசமானவர் என்று பொருளில்லை. நம் கேள்விகளில் பாதிக்கு விடை தரும் பதிவே இல்லை என்று பொருள். அப்படிப்பட்டவரின் மதிப்பெண்ணை உறுதியற்றது என்று குறித்து வையுங்கள்.

2018ஆம் ஆண்டு எனக்கு ஒரு பாடம். வயோமிங் வீரர் ஜாஷ் ஆலன் கல்லூரியில் எறிந்த பந்துகளில் 56.2 சதவீதம் மட்டுமே இலக்கைச் சேர்ந்தன. அந்த எண்ணைப் பார்த்து அவரை ஐந்து குவார்ட்டர்பேக்குகளில் கடைசியாக வைத்தேன். ஜாஷ் ரோசன் எறியும் அழகு என்னைக் கவர்ந்தது. ரோசன் 10ஆவதாகத் தேர்வாகி நிலைக்கவில்லை. 7ஆவதாகத் தேர்வான ஆலன் 2024 பருவத்தின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 32ஆவதுவரை காத்திருந்த லமார் ஜாக்சன் இரண்டு முறை அதே விருதை வென்றார். தவறிய எறிதல்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று அதன் பிறகுதான் கற்றுக்கொண்டேன். யாரிடம் எறிவது என்ற முடிவே தவறா, முடிவு சரியாக இருந்து கால் வைப்பு தவறா? இரண்டாவது வகையைப் பயிற்சியால் திருத்த முடியும். முதல் வகையைத் திருத்துவது மிகக் கடினம்.

ரிசீவருக்குப் பிரிந்து செல்லும் திறன்தான் உயிர். ஸ்னாப்பிலிருந்து முதல் மூன்று அடிகளில் தடுப்பாளரின் இடுப்பைத் திருப்புகிறாரா? வளைவில் வேகத்தை எப்படிக் குறைக்கிறார்? நேராக ஓடும் வேகம் எல்லோரையும் மயக்கும். நிற்கத் தெரிந்த ரிசீவரே மூன்றாவது முயற்சியில் கைகொடுப்பார். கூப்பர் கப் 40 யார்டை 4.62 விநாடிகளில் ஓடினார். அந்த இடத்துக்கு இது மெதுவான ஓட்டம். ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்ற சிறிய கல்லூரி அணியிலிருந்து வந்து 2017இல் 69ஆவதாகத் தேர்வானவர், 2021இல் பிடித்த பந்துகள், யார்டுகள், டச்டவுன்கள் (எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் பந்தைச் சேர்ப்பது) மூன்றிலும் லீக்கில் முதலிடம் பிடித்தார். பூக்கா நக்குவா 2023இல் ஐந்தாம் சுற்றில், 177ஆவதாக. முதல் ஆண்டிலேயே 1,486 யார்டுகள். புதுமுக ரிசீவர் ஒருவர் எடுத்ததில் அது சாதனை.

முன்வரிசை டேக்கிளின் கை நீளத்தைப் பற்றி ஒவ்வோர் ஆண்டும் சண்டை நடக்கும். 33 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் கார்டாக மாற்றிவிட வேண்டும் என்பது பழைய கணக்கு. ஸ்லேட்டருக்குச் சரியாக 33 அங்குலம்; டேக்கிளாகவே நிலைத்தார். அதே நார்த்வெஸ்டர்னிலிருந்து இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த பீட்டர் ஸ்கொரான்ஸ்கிக்கு 32.25 அங்குலம்; டென்னசி டைட்டன்ஸ் அவரை 11ஆவதாக எடுத்துக் கார்டாக நிறுத்தியது. முக்கால் அங்குலம் ஒருவரின் வேலையையே மாற்றும் இடம் இது. ஆனாலும் அளவை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். நீண்ட கையுள்ள விரட்டாளர் எதிரே நின்ற ஆட்டத்தைத் தேடுங்கள். மார்பில் முதலில் கை பதிப்பது யார் என்று எண்ணுங்கள். குட்டைக் கை உண்மையிலேயே குறைதானா என்பதற்கு அங்கே பதில் கிடைக்கும்.

எட்ஜ் ரஷ்ஷரிடம் சாக்குகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணாதீர்கள். குவார்ட்டர்பேக் தானாக இவர் கையில் வந்து விழுந்த சாக்குகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, முதல் முயற்சியிலேயே எதிராளியைத் தோற்கடித்தவற்றை மட்டும் எண்ணுங்கள். ஒரே ஓர் உத்தி வைத்திருக்கிறாரா, அது மடங்கியதும் கையில் இன்னொன்று இருக்கிறதா? டெரல் சக்ஸ் 2002இல் அரிசோனா ஸ்டேட்டுக்காக 24 சாக்குகள் எடுத்தார். ஓட்ட அளவில் எதிர்பார்த்த வேகம் வராததால் சற்றுக் கீழே போய், 2003இல் 10ஆவதாக பால்டிமோர் ரேவன்ஸிடம் சேர்ந்தார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தடுப்பு வீரரும் அவரே. அவரது கைவேலை பதிவில் இருந்தது, கடிகாரத்தில் இல்லை.

டிஃபென்சிவ் டேக்கிளில் உயரத்துக்கும் எடைக்கும் கொடுக்கும் மரியாதையைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். ஆரன் டொனால்ட் சுமார் 285 பவுண்டு எடையே இருந்தார், அந்த இடத்துக்கு அது குறைவு என்றார்கள். 2014இல் 13ஆவதாகத் தேர்வாகி, ஆண்டின் சிறந்த தடுப்பு வீரர் விருதை மூன்று முறை வென்றார். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய எந்த ஆட்டத்தைத் திறந்தாலும், ஸ்னாப் முடிந்த அடுத்த நொடி அவர் எதிரணியின் பின்பகுதியில் நிற்பதைக் காணலாம்.

கார்னர்பேக்கிடம் இடுப்பு திரும்பும் இலகுவையும், பந்து காற்றில் இருக்கும்போது தலை திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். தான் காத்த ரிசீவர் டச்டவுன் எடுத்த பிறகு வரும் அடுத்த ஸ்னாப்பில் அவர் எப்படி நிற்கிறார் என்பதை நான் தவறாமல் பார்ப்பேன். பயந்து பின்வாங்கி நிற்பவர் தெரிந்துவிடுவார். சேஃப்டிக்கு நேர்வேகத்தைவிட எங்கே இருக்க வேண்டும் என்ற அறிவு பெரிது. நோட்ர டேமின் கைல் ஹாமில்டன் 4.59 விநாடி ஓடியதும் 2022இல் 14ஆவதுவரை இறங்கினார். பந்து எறியப்படும் முன்பே அவர் அந்தத் திசையில் ஓடத் தொடங்கியிருப்பதைக் கல்லூரிப் பதிவில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். லைன்பேக்கருக்கும் இதே அறிவுதான். கூடவே பந்து எறியும் சூழலிலும் களத்தில் வைத்திருக்கத் தக்கவரா என்ற கேள்வி.

ரன்னிங் பேக் பக்கத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். முதலில் மடக்க வருபவரைத் தவிர்க்கிறாரா, பந்தைப் பிடிக்கிறாரா, விரட்டாளரைத் தடுத்து நிற்கிறாரா? 2022, 2024 இரண்டு டிராப்ட்டுகளிலும் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கும் தேர்வாகவில்லை. போய்ஸி ஸ்டேட்டில் 2,601 யார்டுகள் ஓடிய ஆஷ்டன் ஜென்டி 2025இல் 6ஆவதாகப் போனார். டைட் எண்டில் கல்லூரி எண்களை நம்பாதீர்கள். பின்னாளில் லீக்கின் சிறந்த டைட் எண்டுகளில் ஒருவரான ஜார்ஜ் கிட்டில் அயோவாவில் மொத்தமே 48 பந்துகள்தான் பிடித்தார். அணியின் முறை அப்படி. தடுக்கும் வேலையில் அவர் காட்டிய மூர்க்கம்தான் துப்பு. பந்தை உதைப்பவர்களுக்குத் தனிப் பக்கம் வேண்டாம். 2016இல் இரண்டாம் சுற்றிலேயே எடுக்கப்பட்ட ரொபெர்ட்டோ அகுவாயோ ஒரே ஆண்டில் தன்னை எடுத்த அணியை விட்டுப் போக வேண்டியிருந்தது.

ஐந்தாம் படி: அளவுகள் எப்போது உள்ளே வரலாம்

பிப்ரவரி இறுதியில் வீரர்கள் இண்டியானாபொலிஸில் கூடுவார்கள். 1987 முதல் ‘காம்பைன்’ எனப்படும் உடல்திறன் சோதனை அங்கேதான் நடக்கிறது. 40 யார்டு ஓட்டம், நின்ற இடத்திலிருந்து மேலே குதித்தல், நீளத் தாண்டுதல், மூன்று கூம்புகளைச் சுற்றி ஓடுதல், 20 யார்டு முன்பின் ஓட்டம், 225 பவுண்டு எடையைத் தூக்குதல். அதற்கு முன், பருவம் முடிந்த கையோடு, அலபாமா மாநிலம் மொபீலில், கல்லூரி வீரர்களுக்கான சிறப்பு ஆட்டமான சீனியர் பவுல் வாரம் வருகிறது. சிறிய கல்லூரி வீரர்களை மதிப்பிட அந்த வாரத்துப் பயிற்சிகளைப் போன்ற வாய்ப்பு வேறில்லை. அங்கே முதல் தடவையாகச் சமபலமுள்ளவர்களோடு நேருக்கு நேர் நிற்கிறார்கள். மார்ச்சில் கல்லூரிகளிலேயே நடக்கும் ‘ப்ரோ டே’ ஓட்டங்களின் நேரத்தைச் சற்றுத் தாராளமானதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

என் விதி ஒன்றுதான். பதிவு பார்த்து மதிப்பெண் போட்ட பிறகே அளவு உள்ளே வரும். அளவு மதிப்பெண்ணைத் திருத்தக் கூடாது. மீண்டும் பதிவைப் பார்க்க அனுப்ப வேண்டும். டி.கே. மெட்காஃப் 40 யார்டை 4.33 விநாடியில் ஓடி அரங்கையே அதிரவைத்தார். மூன்று கூம்பு ஓட்டத்தில் 7.38 எடுத்தார், அது ரிசீவருக்கு மிக மந்தமான நேரம். முதலாவதைப் பார்த்தவர்கள் மேலே தூக்கினார்கள், இரண்டாவதைப் பார்த்தவர்கள் கீழே தள்ளினார்கள். 2019இல் 64ஆவதாகத் தேர்வானார். எண்கள் இரண்டும் உண்மை. நேராக ஓடும் பாதைகளில் ஆபத்தானவர், சட்டென்று வெட்டித் திரும்பும் பாதைகளில் சுமார். மிசிசிப்பி பல்கலைக்கழகப் பதிவும் இதையே சொன்னது. எந்தப் பாதைகளை ஓடவைக்கும் அணிக்குப் போவார் என்பதே எஞ்சிய கேள்வியாக இருந்தது.

முன்வரிசை வீரர்களுக்கு 40 யார்டின் முதல் 10 யார்டு நேரத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். 310 பவுண்டு மனிதர் ஓர் ஆட்டத்தில் 40 யார்டு நேராக ஓடும் நேரம் வருவதே அபூர்வம். 2024இல் சேவியர் வொர்தி ஓடிய 4.21 விநாடி போன்ற சாதனைகளை ரசிக்கலாம், அதில் தவறில்லை. பட்டியலைத் திறக்கும் முன் ஓர் இரவு தூங்கி எழுந்துவிடுங்கள்.

வயதையும் இங்கேயே எழுதலாம். 24 வயது வீரர் 19 வயதுப் பையன்களைத் தள்ளிவிடுவதில் வியப்பில்லை. 20 வயதில் அதைச் செய்தவருக்கு இன்னும் வளர இடமிருக்கிறது. முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள், முதல் சுற்று வீரருக்கு அணி விரும்பினால் ஐந்தாவது. அந்தக் காலத்துக்குள் அவர் எந்த வயதில் இருப்பார் என்று கணக்கிடுங்கள்.

ஆறாம் படி: நமக்குக் கிடைக்காத தகவல்

காயங்களைப் பற்றிய முழு விவரம் அணி மருத்துவர்களிடம் இருக்கிறது. நம்மிடம் இல்லை. ராப் கிரான்கோவ்ஸ்கி முதுகு அறுவை சிகிச்சையால் 2009 பருவம் முழுவதையும் இழந்து, 2010இல் 42ஆவதாகத் தேர்வானார். பிறகு அந்த இடத்தின் ஆகச் சிறந்தவர்களில் ஒருவரானார். டுவா டகோவைலோவா 2019 நவம்பரில் இடுப்பு மூட்டு விலகியும் 5ஆவதாகத் தேர்வானார். என் வழக்கம், காயத்துக்காக மதிப்பெண்ணைக் குறைக்காமல் பெயருக்கு அருகே சிவப்புக் குறி இடுவது. நடத்தை பற்றிய வதந்திகளைப் பொறுத்தவரை, நான் எதையும் எழுதுவதில்லை. இவர்கள் 21, 22 வயது இளைஞர்கள். யாரோ சொன்னதாக யாரோ எழுதியதை நம் பட்டியலில் ஏற்றி ஒரு பையனின் பெயரைக் கறைப்படுத்த நமக்கு உரிமை இல்லை.

ஏழாம் படி: வரிசைப்படுத்துதல்

இப்போது ஒவ்வோர் இடத்தையும் தனியாக எடுத்து, 1, 2, 3 என்று எண் போடுவதற்கு முன் படிக்கட்டுகளாகப் பிரியுங்கள். மூன்றாம் ஆண்டில் இவர் எந்த வேலையில் இருப்பார் என்ற கேள்வியே அளவு. லீக்கின் சிறந்தவர்களில் ஒருவர், நம்பகமான தொடக்க வீரர், குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் பயன்படுபவர், அணியின் இருக்கையில் இடம்பிடிக்கப் போராடுபவர். நான்கு படிகள் போதும். ஓர் ஆண்டில் முதல் படியில் ஐந்து ரிசீவர்கள் இருக்கலாம், ஒருவருமே இல்லாமலும் இருக்கலாம். காலியாக இருக்கும் படியை நிரப்ப யாரையும் மேலே ஏற்றாதீர்கள்.

ஒரே படியில் இருப்பவர்களுக்குள் எண் போட, இருவர் இருவராக நிறுத்துங்கள். ஒரே நிலையிலான எதிராளி, ஒரே மாதிரிச் சூழல், இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். மனம் ஒருவர் பக்கம் சாய்ந்தால், காரணத்தை ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிறதா என்று சோதியுங்கள். எழுத முடியாவிட்டால் அவர்கள் சமம். சமம் என்றே விட்டுவிடுங்கள்.

எல்லா இடங்களையும் கலந்து ஒரே பெரிய பட்டியல் போடும் ஆசை வரும். அது வேறு வேலை. அங்கே இடத்தின் மதிப்பு நுழைகிறது. குவார்ட்டர்பேக், எட்ஜ், டேக்கிள், கார்னர்பேக், ரிசீவர் ஆகிய இடங்களுக்கு அணிகள் அதிகம் கொடுக்கும். கார்டுக்கும் ரன்னிங் பேக்குக்கும் குறைவு. 2021இல் சின்சினாட்டி பெங்கால்ஸ் ஐந்தாவது தேர்வில் ரிசீவர் ஜமார் சேஸை எடுப்பதா, டேக்கிள் பெனை சூவலை எடுப்பதா என்று நாடே வாதிட்டது. சேஸை எடுத்தார்கள், சூவல் 7ஆவதாக டெட்ராய்ட் லயன்ஸிடம் போனார். இருவருமே தத்தம் இடத்தில் லீக்கின் உச்சிக்குப் போனார்கள். இருவரையும் அவரவர் பக்கத்தில் முதல் படியில் வைத்திருந்தவருக்கு அந்த வாதத்தில் இழக்க ஒன்றுமில்லை. இடவாரிப் பட்டியலை முடிக்காமல் கலப்புப் பட்டியலைத் தொடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எட்டாம் படி: பூட்டி வைத்து, மூன்று ஆண்டுகள் கழித்துத் திறப்பது

டிராப்ட் ஏப்ரல் இறுதியில் வரும். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என் பட்டியலில் தேதி எழுதி மூடிவிடுவேன். அதன் பிறகு வரும் செய்திகளுக்காக ஒரு பெயரையும் நகர்த்துவதில்லை. அணிகள் என்ன செய்தன என்பதை வேறு நிற மையில் பக்கத்திலேயே எழுதுங்கள். உங்கள் எண்ணுக்கும் தேர்வான எண்ணுக்கும் பெரிய இடைவெளி இருக்கும் பெயர்களை வட்டமிடுங்கள். அதற்காக உடனே வருந்தவோ மகிழவோ வேண்டாம். குவார்ட்டர்பேக்குகளில் ஆகச் சிறந்தவராகப் பலர் மதிக்கும் டாம் பிரேடி 2000இல் 199ஆவது. அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகள் தேர்வானார்கள். பின்னாளில் தொடக்க குவார்ட்டர்பேக்கான பிராக் பர்டி 2022இல் கடைசித் தேர்வான 262ஆவது. டிராப்ட் இரவில் யாருடைய பட்டியல் சரி என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

மூன்றாவது பருவம் முடிந்ததும் நோட்டைத் திறந்து, வட்டமிட்ட ஒவ்வொரு பெயருக்கும் அருகே தவறின் வகையை எழுதுங்கள். கேள்வியே எழவில்லையா? கேள்வி எழுந்தும், விடை இருந்த ஆட்டத்தைப் பார்க்கவில்லையா? பார்த்தும் அளவுகோலில் தவறான குணத்தை முதலில் வைத்திருந்தீர்களா? வீரர் சரியாக இருந்து, சேர்ந்த அணி பொருந்தவில்லையா? என் குவார்ட்டர்பேக் பக்கங்களில் மூன்றாவது வகைதான் திரும்பத் திரும்ப வந்தது. எறியும் அழகை முதலில் எழுதியிருந்தேன். 2021 பட்டியலைத் தொடங்கும்போது அதை நான்காவது வரிக்கு இறக்கி, மூன்றாவது முயற்சியில் எடுக்கும் முடிவை முதல் வரியாக எழுதினேன்.